குறைந்த செலவில் மலைப் பயணம்



ஜார்ஜ் டவுனில் வாழும் நமக்கு மலை என்பது எங்கோ தொலைவில் உள்ள பொருள் அன்று. தெருமுனையில் நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பினாங்கு மலை தெரிகிறது. மழை ஓய்ந்த காலையில் கடற்கரைக்குப் போனால், வடக்கே கடலுக்கு அப்பால் கெடாவின் ஜெராய் மலை நீலநிறமாக நிற்பதைக் காணலாம். இருந்தும், "மலையேறப் போகிறேன்" என்று ஓர் இளைஞர் வீட்டில் சொன்னால், "அதற்குப் பணம் எங்கே?" என்பதே முதலில் எழும் கேள்வி. "போனால் நல்லபடியாகத் திரும்பி வருவாயா?" என்பது அடுத்த கேள்வி. தாயார் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான்.

இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மலைப் பயணத்தில் சில செலவுகளைத் தாராளமாகக் குறைக்கலாம், அதனால் ஒரு தீங்கும் வராது. வேறு சில செலவுகளைக் குறைத்தால் அந்தக் கணக்கைப் பணத்தால் தீர்க்க முடியாமல் போய்விடும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே திட்டமிடுதல் என்பதன் முக்கால் பங்கு.

மலையேற்றம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மவர்களிடையே இன்னும் இருக்கிறது. 1997 மே 23ஆம் நாள் மலேசியக் கொடியை முதன்முதலாக எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டு சென்ற இருவர் யார் என்பதை இங்கே நினைவுகூரலாம். எம். மகேந்திரன் ஒருவர், என். மோகனதாஸ் மற்றவர். அந்தப் பயணத்துக்குப் பெரும் நிறுவனங்களின் பொருளுதவி இருந்தது உண்மை. ஆனால் எவரும் முதல்நாளே எவரெஸ்டுக்குப் போவதில்லை. தொடக்கம் பக்கத்து மலையில்தான்.

நாமும் பக்கத்து மலையிலிருந்தே தொடங்குவோம். பினாங்கு மலைத் தொடரின் உச்சி 833 மீட்டர். மலாய் மொழியில் புக்கிட் பெண்டேரா, அதாவது கொடிமலை. 1923இல் இங்கே கம்பி இழுக்கும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. அது வருவதற்கு முன் வெள்ளைக்காரத் துரைமாரை நாற்காலியில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். இன்று காசு கொடுத்தால் சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். மலைப் பயணத்துக்குத் தயாராகிறவர் அந்தச் சீட்டை வாங்க வேண்டியதில்லை. தாவரவியல் பூங்காவின் வாயிலருகே தொடங்கும் ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். செங்குத்தான அந்தத் தார்ச்சாலை கெண்டைக்கால் தசையை நன்றாகச் சோதிக்கும். வழியில் 84 என்ற எண்ணாலேயே எல்லாரும் அழைக்கும் ஓய்விடத்தில் அமர்ந்து தேநீர் குடிக்கலாம். காட்டுவழி வேண்டுவோர், பூங்காவுக்குச் செல்லும் சாலையோரம் வட்டநிலாப் போல வளைந்து நிற்கும் பழைய வாயிலில் தொடங்கலாம். கட்டணம் ஒரு காசும் இல்லை.

இந்த மலையை வெறும் உடற்பயிற்சி இடமாக மட்டும் பார்க்காமல் ஓர் அளவுகோலாகவும் பயன்படுத்தலாம். எப்படியென்று சொல்கிறேன். சபாவில் உள்ள கினாபாலு மலை 4,095 மீட்டர். நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல்நாள் இரவு தங்கும் பானாலாபான் 3,272 மீட்டர். இவற்றைக் கழித்துப் பாருங்கள். முதல்நாள் ஏற்றம் 1,400 மீட்டர். பினாங்கு மலையில் ஜீப் பாதையில் ஏறும் ஏற்றம் ஏறத்தாழ 700 மீட்டர். ஆகவே ஒரே நாளில் பினாங்கு மலையை இரண்டு முறை ஏறுவதற்குச் சமம். மறுநாள் பொழுது விடியுமுன் இன்னும் 800 மீட்டருக்கு மேல் ஏற்றம். அதன்பின் உச்சியிலிருந்து வாயில் வரை 2,200 மீட்டர் இறக்கம். அது பினாங்கு மலையை மூன்று முறை இறங்குவதற்குச் சமம். அதுவும் தூக்கம் இல்லாத உடம்போடு.

இந்தக் கணக்கை முன்கூட்டியே அறிந்தவர் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடந்து ஏறிவிட்டு ரயிலில் இறங்கமாட்டார். நம்மில் பலர் செய்வது அதுதான். ஏறும்போது வேலை மூச்சுக்கு, இறங்கும்போது வேலை முழங்காலுக்கு. கினாபாலுவில் நொண்டிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கிப் பழகாதவர்கள். முதுகில் ஆறேழு கிலோ எடையுள்ள பையுடன், இரண்டு மணி நேரத்தில் ஏறி, அதே கால்களால் இறங்கி, மறுநாள் வேலைக்கு வழக்கம்போல் போக முடிந்தால் உடம்பு தயார் என்று கொள்ளலாம். வேலை நாள்களில் அவ்வளவு நேரம் கிடைக்காதவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். மாலையில் நான்கு முறை ஏறி இறங்கினால் பயிற்சியும் ஆயிற்று, தரிசனமும் ஆயிற்று. செருப்பு வைக்கும் இடத்தில் பையை வைத்துவிட்டு வெறுங்கையோடு ஏறுகிறவர்களும் உண்டு. சுமையோடு ஏறுவதுதான் பயன்.

அடுத்த படி ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம்தான். மேலே போகச் சாலை இருக்கிறது என்றாலும் நடந்து ஏறும் வழியும் உண்டு. பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு இது ஒரு கலங்கரை விளக்கம்போல் இருந்தது. வங்கக் கடலைக் கடந்து வந்தவர்களின் கண்ணில் முதலில் பட்ட நிலம் பெரும்பாலும் இதன் முடிதான். அடிவாரத்தில் மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கு. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இங்கே அகழ்ந்து பல கோவில் அடித்தளங்களைக் கண்டார். கி.பி. 1025 அளவில் ராஜேந்திர சோழனின் படை வென்ற கடாரம் இந்த வட்டாரமே என்பது அறிஞர் பலரின் கருத்து. காலையில் மலையேறி, பிற்பகலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் ஃபெர்ரி ஏறி வீடு திரும்பலாம். ஒரு நாள் விடுப்பில் இவ்வளவு கிடைக்கும் மலை ஆசியாவில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

இனி காட்டுக்குள் செல்வோம். இங்கேதான் நம் இளைஞர்கள் சிலர் தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். நிரந்தர வனக்காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி அனுமதியின்றி நுழைந்தால் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பெரிய மலைகள் பலவற்றுக்கு மாலிம் குனோங் எனப்படும் மலை வழிகாட்டியும் தேவை. அனுமதிக் கட்டணம் பெரிய தொகை அன்று. அதைக் கட்டாமல் பின்வழியாகப் போவதால் மிச்சமாவது சில ரிங்கிட்தான். இழப்பது வேறொன்று. நீங்கள் காட்டுக்குள் இருக்கிறீர்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. மாலை ஆறு மணிக்குத் திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை என்று தேடத் தொடங்குவதற்கு ஆள் இருக்காது. வழி தவறியவரைத் தேடும் வேலையில் முதல் இரவு மிக முக்கியமானது என்பதை நினைத்துப் பார்த்தால், அனுமதிச் சீட்டின் உண்மையான விலை விளங்கும்.

தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த மலை தஹான், 2,187 மீட்டர். கினாபாலுவைவிட இரு மடங்கு எளிது என்று உயரத்தை வைத்து முடிவுகட்டக்கூடாது. குவாலா தஹான் பக்கமிருந்து சென்றால் போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மேடு ஏறி, இறங்கி, ஆற்றைக் கடந்து, மீண்டும் ஏற வேண்டும். மெராபோ பக்கமிருந்து மூன்று நான்கு நாள்களில் முடிக்கலாம். மலை மீது கடையோ விடுதியோ கிடையாது. உணவு, கூடாரம், அடுப்பு எல்லாம் உங்கள் முதுகில்தான். பணச் செலவு குறைவு, உழைப்பு அதிகம். பணம் இல்லாதவர்களுக்கு ஏற்ற மலை என்றே சொல்லலாம், உடம்பில் வலு இருந்தால். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது ஆண்டின் கடைசி மாதங்களில், அங்கே போவதற்கில்லை.

காட்டு நடைக்குச் சப்பாத்து வாங்குவதற்கு நானூறு ஐந்நூறு ரிங்கிட் செலவழிக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் காலில் போடும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து உங்களுக்குத் தெரியும். அதற்குக் கம்போங் அடிடாஸ் என்று கேலிப்பெயர். விலை ஒரு நேர நல்ல சாப்பாட்டுச் செலவுதான். அடியில் முளைமுளையாகப் பற்றுகள் இருப்பதால் களிமண்ணில் வழுக்காது. தண்ணீர் புகுந்தாலும் நின்று ஊறாது. அனுபவமுள்ள காட்டு வழிகாட்டிகள் பலர் இதைத்தான் அணிகிறார்கள். நம் தாத்தா பாட்டிமார் அதிகாலையில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனபோது பயன்பட்ட பொருள்களில் பாதி, இன்று மலையேறுவோரின் கடையில் வேறு பெயரில் விற்கப்படுகிறது. ஆனால் இந்தச் சப்பாத்து சேற்றுக்கும் வேருக்கும் உரியது. கல்லும் குளிரும் உள்ள உயர்மலைக்கு உதவாது. அங்கே கணுக்காலைத் தாங்கும் கெட்டிச் சப்பாத்து வேண்டும். அதைப் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே வாங்கிப் பினாங்கு மலையில் பழக்க வேண்டும்.

செலவுக் கணக்கைப் போடும் முறையைப் பார்ப்போம். செலவு நான்கு வகை. ஆளுக்கு ஆள் மாறாதவை: பயணச்சீட்டு, அனுமதி, விசா, காப்புறுதி. குழுவாகப் பகிர்ந்துகொள்ளக் கூடியவை: வழிகாட்டி, வாகனம், கூடாரம், அடுப்பு. நாள்தோறும் ஆகின்றவை: உணவும் இடமும். நான்காவது, தொடக்கூடாத கையிருப்பு. இவற்றுள் பெரிய மிச்சம் இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காக, வழிகாட்டிக்கும் வேனுக்கும் சேர்த்து 1,500 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருவர் போனால் ஆளுக்கு 750. ஐவர் போனால் 300. பத்துப் பேர் போனால் 150 என்று எண்ணத் தோன்றும், ஆனால் அது சரிவராது. ஒரு வழிகாட்டி இத்தனை பேரைத்தான் அழைத்துச் செல்லலாம் என்று வரம்பு உண்டு. ஆறேழு பேரைத் தாண்டினால் இரண்டாவது வழிகாட்டி, இரண்டாவது வாகனம் என்று செலவு மீண்டும் ஏறும். தவிர, குழுவின் வேகம் அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான். நான்கைந்து பேர் கொண்ட குழு, ஒருவர் நடையை மற்றவர் அறிந்த குழு, இதுவே சிக்கனத்துக்கும் பாதுகாப்புக்கும் பொருத்தமானது.

கினாபாலுவில் இந்தச் சூத்திரம் முழுதும் பலிக்காது. அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறை இருக்கிறது. மேலே பானாலாபானில் தங்குவதற்கான கட்டணமே செலவில் பெரும்பகுதி. அதைத் தவிர்க்க வழியில்லை, கூடாரம் போடவும் இடமில்லை. மலேசியருக்குச் சில கட்டணங்கள் வெளிநாட்டாரைவிடக் குறைவு என்பது நமக்கு ஆறுதல். பல மாதங்களுக்கு முன்பே இடத்தைப் பதிவு செய்து, அதன் பின்னர் மலிவான விமானச் சீட்டைத் தேட வேண்டும். சீட்டை முதலில் வாங்கிவிட்டு மலையில் இடம் தேடுவது, பந்தலைப் போட்டுவிட்டுப் பெண் தேடுவதைப் போன்றது. வழிகாட்டி அங்கே கட்டாயம். 2015 ஜூன் 5ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கிப் பாறைகள் சரிந்தபோது 18 பேர் இறந்தனர். அவர்களில் வழிகாட்டிகளும் அடக்கம். மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் பத்திரமாக இறங்கி வந்ததற்கு அந்த ஊர் வழிகாட்டிகளின் துணிவு பெரிய காரணம்.

மேற்கே திரும்பினால் சுமத்ரா. மேடானுக்குப் பினாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த விமானப் பயணம். முன்பு கப்பலும் ஓடியது, இப்போது இல்லை. மேடான் நமக்கு அந்நிய ஊர் அன்று. டெலி புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் அங்கே 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோவில் இன்னும் விளங்குகிறது. அங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் பெராஸ்தாகி என்ற குளிர்ந்த மலையூர். அதன் அருகே சிபாயாக் என்ற எரிமலை, 2,200 மீட்டர் அளவு. அரைநாளில் ஏறி இறங்கலாம். கந்தகப் புகை சீறும் வாய்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள். குறைந்த பணத்தில் வெளிநாட்டு மலை ஒன்றை ஏற விரும்புவோருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் எரிமலைக்கு என்று தனி இலக்கணம் உண்டு. சிபாயாக்குக்கு எதிரே நிற்கும் சினாபுங் மலையைப் பல நூற்றாண்டுகளாக உறங்கும் மலை என்றே எண்ணியிருந்தார்கள். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். 2010 ஆகஸ்டில் அது விழித்தது. பின்னர் 2014இலும் 2016இலும் உயிர்களைப் பறித்தது. மேற்குச் சுமத்ராவில் மராபி என்ற மலையின் கதை இன்னும் கசப்பானது. இந்தோனேசியாவில் எரிமலைகளை நான்கு எச்சரிக்கை நிலைகளாக வகுத்திருக்கிறார்கள். மராபி இரண்டாம் நிலையில் இருந்தது. வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்பது எரிமலைத் துறையின் அறிவுரை. இருந்தும் ஏறுவதற்கு நுழைவுச்சீட்டு கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 டிசம்பர் 3ஆம் நாள் அது வெடித்தபோது மலையில் ஏறத்தாழ 75 பேர் இருந்தனர். 24 பேர் இறந்தனர். நுழைவுச்சீட்டு விற்கப்படுகிறது என்பதால் மலை பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருள் ஆகாது. சீட்டை விற்பவர் ஒரு துறை, எரிமலையைக் கண்காணிப்பவர் மற்றொரு துறை. புறப்படும் வாரத்தில் எரிமலைத் துறையின் அறிவிப்பை நீங்களே பார்க்க வேண்டும். முதல் நிலைக்கு மேல் இருந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று வேறு மலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

கயிறு கட்டிப் பாறை ஏறுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வடக்கே தாய்லாந்து இருக்கிறது. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் பாடாங் பெசார். இரு நாட்டுக் குடிநுழைவும் அந்த ஒரே நிலையத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து ஹாட் யாய், பிறகு வேனில் கிராபி. கிராபியை அடுத்த ரைலே கடற்கரைக்குப் படகில்தான் போக முடியும். சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து சுவர்போல எழுகின்றன. உலகின் பல நாடுகளிலிருந்தும் ஏறுபவர்கள் வருகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கயிறு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கற்றுக்கொடுப்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். பாறையில் அடித்து வைத்திருக்கும் இரும்புக் கொளுவிகளில்தான் ஏறுபவரின் எடை தொங்குகிறது. வெப்பக் கடற்கரையின் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால், துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் எவர்சில்வர் கொளுவியும் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், ஆளின் எடை விழும்போது முறியும். இதைப் பட்டறிந்த பின்னரே, அங்கே டைட்டானியம் கொளுவிகளைப் பசையிட்டுப் பதிக்கத் தொடங்கினார்கள். ஆகவே எந்த வழியில் எப்போது கொளுவி மாற்றப்பட்டது என்பதை அந்த ஊரில் ஏறுபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டே கை வைக்க வேண்டும். பழைய கயிற்றை மலிவாக யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். கயிற்றின் வயதும் அது தாங்கிய விழுக்காடுகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கூடாரத்தைப் பழையதாக வாங்கலாம், குளிராடையைப் பழையதாக வாங்கலாம், கயிற்றை வாங்கக்கூடாது.

இப்போது எல்லாருடைய மனத்திலும் இருக்கும் நேப்பாளத்துக்கு வருவோம். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போய்க் காட்மாண்டுவுக்கு விமானம் ஏற வேண்டும். விசாவை அங்கே இறங்கிய பிறகே வாங்கலாம். பதினைந்து நாளுக்கு 30 அமெரிக்க டாலர், முப்பது நாளுக்கு 50 டாலர். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு நுழைவுக் கட்டணம் 3,000 நேப்பாள ரூபாய். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலைநடையாளர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்தால் அதுவும் பெரிய சுமை அன்று.

அன்றாடச் செலவு அங்கே உயரத்தோடு சேர்ந்து ஏறும். ஒரு குவளைத் தேநீர் கீழே ஒரு விலை, மேலே அதன் சில மடங்கு. எல்லாவற்றையும் மனிதரோ மாடோ கழுதையோ சுமந்து வர வேண்டியிருப்பதால் அது நியாயமே. புட்டித் தண்ணீர் வாங்காமல், குழாய்த் தண்ணீரில் தூய்மைப்படுத்தும் மாத்திரை போட்டுக் குடிக்கலாம். தால் பாத் எனப்படும் பருப்புச் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்ணலாம், அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை. நம் வயிற்றுக்கும் அது ஒத்துப்போகும். கனத்த குளிராடையையும் உறைப்பையையும் காட்மாண்டுவின் தமேல் தெருக்களில் வாடகைக்கு எடுக்கலாம். பினாங்கின் வெயிலில் வாழ்பவர் அவற்றைச் சொந்தமாக வாங்கிப் பெட்டியில் பூஞ்சை பிடிக்க வைப்பதில் பொருளில்லை. சுமைதூக்கியின் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அவருக்குச் சரியான காலணியும் போர்வையும் இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

நேப்பாளத்தில் ஆள்களைக் கொல்லும் சிக்கனம் ஒன்று இருக்கிறது. அது நாள்களில் பிடிக்கும் சிக்கனம். நம் அலுவலகங்களில் ஆண்டு விடுப்பு இரண்டு வாரம் கிடைப்பதே அரிது. ஒரு நாள் குறைத்தால் விடுப்பும் மிச்சம், விடுதிச் செலவும் மிச்சம் என்று தோன்றும். உடம்பு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்வதில்லை.

காரணம் இதுதான். காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆனால் உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, குர்னி டிரைவ் கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். வேகமாக மூச்சுவிடும், இரத்தத்தின் தன்மையை மாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். அதை விலைக்கு வாங்க முடியாது. இளமையோ பயிற்சியோ இதில் உதவுவதில்லை. ஓட்டப் பந்தய வீரர் விழுவார், ஓய்வுபெற்ற ஆசிரியர் நன்றாக இருப்பார்.

ஆகவே மருத்துவர்கள் ஒரு விதி வகுத்திருக்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். இதை எவரெஸ்ட் வழியில் பொருத்திப் பார்ப்போம். நாம்சே என்ற ஊர் 3,440 மீட்டர். அடிவார முகாமுக்கு முந்திய தங்குமிடமான கோரக் ஷெப் 5,164 மீட்டர். இடையே 1,724 மீட்டர். விதிப்படி நான்கு நாள் ஏற்றம், நாம்சேயிலும் மேலே ஓரிடத்திலும் ஓய்வு நாள். லுக்லாவிலிருந்து போய்த் திரும்பப் பன்னிரண்டு நாளுக்குக் குறையாது. இதை ஒன்பது நாளில் முடித்துத் தருவதாக யாராவது மலிவு விலை சொன்னால், எந்த மூன்று நாளை வெட்டினார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓய்வு நாள்களைத்தான் வெட்டியிருப்பார்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இவை முதல் அறிகுறிகள். இந்த நிலையில் அன்று மேலே போகாமல் தங்கினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, இருமல் வருகிறது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. நேர்கோட்டில் நடக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து, விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரை உண்டு. அது எல்லாருக்கும் ஏற்றதன்று, பினாங்கிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவருக்கு நோய் கண்டால் அவரைத் தனியே இறங்க விடக்கூடாது. ஐந்து பேரின் ஆண்டுக்கணக்கான சேமிப்பு ஒரு தலைவலிக்காகப் பாழாவதா என்ற எண்ணம் அந்த நேரத்தில் எல்லார் மனத்திலும் எழும். நோயாளியே அதை நினைத்துத் தலைவலியை மறைப்பார். எனவே, யார் யாரோடு இறங்குவது, அவருக்கான செலவை எப்படிப் பகிர்வது என்பதை ஜார்ஜ் டவுனில், ஒரு காப்பிக் கடை மேசையில், புறப்படுமுன்னே பேசி முடித்துவிட வேண்டும். மேலே 4,500 மீட்டரில் பேசினால் நியாயம் பிறக்காது.

காப்புறுதியும் இதைச் சார்ந்ததே. சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலோ, கயிறு பயன்படுத்தும் ஏற்றத்திலோ பணம் தருவதில்லை. சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த தாளை வாங்கிப் பையில் வைத்திருப்பதைவிட ஒன்றும் வாங்காமல் இருப்பது மேல், அப்போதாவது நமக்குக் காப்பு இல்லை என்பது நினைவிலிருக்கும்.

பணம் குறைவு, நாள் அதிகம் என்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு. லுக்லாவுக்கு விமானத்தில் போகாமல், சல்லேரி வரை ஜீப்பில் போய் அங்கிருந்து நடப்பது. சில நாள் கூடும், செலவு நன்றாகக் குறையும், உடம்பும் மெல்லப் பழகும். லுக்லா விமானங்கள் மூடுபனியால் நாள்கணக்கில் நின்றுபோவதும் வழக்கம். விமானத்தில் போகிறவர்கள் திரும்பும் பயணத்துக்கு இரண்டு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளாவிட்டால் கோலாலம்பூர்ச் சீட்டு வீணாகும்.

உயர்மலை ஏற்றத்தை முறையாகக் கற்க விரும்புவோருக்கு இந்தியாவில் டார்ஜிலிங்கில் 1954இலும், உத்தரகாசியில் 1965இலும் தொடங்கப்பட்ட பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ நான்கு வாரப் பயிற்சி. தனியார் குழுவோடு ஒரு சிகரம் ஏறும் செலவோடு ஒப்பிட்டால் மலிவு. தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள மலைகளையும் நினைக்கலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்ட மலைநடையாளர் இறந்தபின் விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை நாற்பது பாதைகளை முன்பதிவோடு திறந்தது. கோடையில் அங்கே போக வேண்டாம்.

எதை உடுத்துவது, எதை உண்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வெப்பம் குறையும். பினாங்கில் 30 டிகிரி என்றால் கினாபாலு உச்சியில் பகலிலேயே 3 டிகிரி, விடியுமுன் காற்றோடு சேர்ந்தால் உறைநிலை. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது, குளிரும். பசார் மாலாமில் விற்கும் மலிவான விளையாட்டுச் சட்டையே மேல். ஒரே கனத்த ஆடையைவிட மூன்று மெல்லிய ஆடைகள் நல்லவை. மழைக்கோட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள். உணவுக்கு அவல், பொரிகடலை மாவு, வறுத்த நெத்திலி, வெல்லம், மைலோ போதும். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 4,000 மீட்டரில் 87 டிகிரிக்கு மேல் ஏறாது. துவரம்பருப்பை எடுத்துச் சென்றால் எரிபொருள் தீரும், பருப்பு வேகாது. மைசூர்ப் பருப்பை முதல் நாளே வறுத்துப் பொடித்துக்கொண்டு போங்கள்.

நேப்பாளத்துக்கு அக்டோபர், நவம்பர் அல்லது மார்ச் முதல் மே வரை நல்ல காலம். தீபாவளி விடுமுறையோடு ஆண்டு விடுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த விடுப்புக்கு மனுப்போட வேண்டியது ஜனவரியில். சபாவுக்குப் பதிவு செய்ய வேண்டியதும் ஏறக்குறைய அப்போதே. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் நாளில் தொடங்கினால், பயிற்சிக்கு ஒன்பது மாதம் கிடைக்கும்.